பெரியக்காவின் கீபோர்டில் மூன்று பேர்

குறைந்தது மூன்று பேராவது இருக்க வேண்டும். மூன்றுக்குக் குறைந்தால் மரியாதையாக இருக்காது.

வரிசையில் பதினேழாவது ஆளாக, தன் கீபோர்டைக் கைக்குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு நின்ற பெரியக்காவின் மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்த கணக்கு இதுதான். தன் மேல் பொறாமைப்படுகிறவர்கள் எத்தனை பேர் என்பது இன்னும் கால் மணி நேரத்தில் தெரிந்துவிடும். வெளியே சொல்லிக்கொள்ளக்கூடிய நினைப்பா இது? அதனால் முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டாள். உள்ளுக்குள் பரிசுச் சீட்டு வாங்கியவளின் படபடப்பு.

முன்னால் போன தபால் பிரிவுக்காரருக்கு ஒன்றுதான் வந்தது. இருபத்திரண்டு வருட உத்தியோகம். ஒரே ஒருவர்தான் வயிறெரிந்திருக்கிறார். மனிதர் கீபோர்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் போனார். அவருக்குப் பின்னால் நின்ற வரவேற்பறைப் பெண்ணுக்கு நான்கு. அவள் நடந்த நடையைப் பார்க்க வேண்டுமே!

அந்தத் தளத்தில் நாற்பத்து மூன்று பேர். காப்பீட்டு விண்ணப்பங்களைப் பார்த்துக் கணினியில் ஏற்றுவது வேலை. பெயர், வயது, நோய், படுக்கை எண். திரையின் மூலையில் ஒரு சின்னக் கடிகாரம் உண்டு. இருக்கையை விட்டு எழுந்தால் அது ஓடத் தொடங்கும். ஒரு நாளைக்கு இருபது நிமிடம் தாண்டினால் சிவக்கும். சிவந்தால் மேலாளர் கூப்பிடுவார். ஆகவே யாரும் எழுவதில்லை. சாப்பாடு, தேநீர், மாத்திரை, அழுகை எல்லாம் கீபோர்டுக்கு மேலேயேதான். பெரியக்காவின் ஏற்பாடு இன்னும் நேர்த்தியானது. வலப்பக்கம் தேநீர்க் கோப்பை. வலது கை பிஸ்கட்டை நனைக்கும், இடது கை தட்டச்சு செய்யும். நனைந்த பிஸ்கட் எண் விசைகளுக்கு மேலாகப் பறந்து வாய்க்கு வந்து சேர்வதற்குள் கால்வாசி உதிர்ந்துவிடும். எங்கே உதிர்ந்தது என்று பத்தொன்பது வருடத்தில் அவள் ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை. உதிர்ந்தது காற்றோடு போய்விடும் என்று நினைத்தாளோ என்னவோ.

மாதத்துக்கு நூறு தவறு வரை பொறுத்துக்கொள்வார்கள். மூன்று மாதம் தொடர்ந்து நூறைத் தாண்டினால் கீழ்த்தளம். அங்கே சன்னல் கிடையாது. பழைய காகிதக் கட்டுகளைப் பிரித்து அடுக்கும் வேலை. போனவர்கள் யாரும் மேலே திரும்பி வந்ததில்லை. பெரியக்கா இரண்டு மாதம் தாண்டிவிட்டாள். மூன்றாவது மாதம் இப்போதுதான் தொடங்கியிருந்தது. தவறுப் பட்டியலில் எப்போதும் கடைசிப் பெயராக இருந்தவள். இப்போது அவள் ஏற்றிய விண்ணப்பத்தில் முப்பது வயதுப் பெண்ணொருத்தி மூன்று வயதில் பிரசவித்திருந்தாள். அறுபது வயதுப் பெரியவருக்கு அறுநூறு வயதாகியிருந்தது. அந்த வயதில் மூட்டு வலிக்காமல் என்ன செய்யும்?

பூஜ்யம் விசை ஒட்டிக்கொள்கிறது என்று அவளுக்குத் தெரியும். அழுத்தினால் ஒரு நேரம் விழாது, ஒரு நேரம் இரண்டாக விழும். ஏன் ஒட்டுகிறது என்பதற்குத்தான் அவளுக்குக் கௌரவமான ஒரு காரணம் தேவைப்பட்டது.

அந்தக் காரணத்தைக் கையோடு கொண்டுவந்தார் அலையார். எண்ண அலைகளைப் பற்றியே பேசுவதால் அந்தப் பெயர். மருத்துவர் இல்லை, ஆனால் வெள்ளைக் கோட்டு. பையில் ஐந்து பேனா, ஒன்றிலும் அவர் எழுதிப் பார்த்தவர் இல்லை. புதுக் கீபோர்டு கேட்டு ஊழியர்கள் எழுதிய பதினோரு கடிதங்களுக்குப் பதில் போடாத மேலாளர், இவருக்கு மட்டும் கூட்ட அறையைத் திறந்துவிட்டார். கட்டணத்தைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாம் என்றும், அந்த வரிசையில் நிற்கிற நேரம் மட்டும் கடிகாரக் கணக்கில் சேராது என்றும் சொன்னார். ஏன் மாட்டார்? தவறுக்குக் காரணம் பொறாமை என்று ஆகிவிட்டால் அப்புறம் யார் அந்தக் கடிகாரத்தைப் பற்றி வாய் திறப்பார்கள்?

"வாங்கம்மா, உக்காருங்க" என்றார் அலையார். குரலில் தேன். "ரொம்ப நாளா பாரமா இருக்குல்ல?"

"ஆமாங்கய்யா." பாரமாக இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்று சொல்கிற மனிதர் உலகத்தில் உண்டா?

"அடுத்தவங்க நெனைப்பு விரல் வழியா எறங்கும்மா. நீங்க எழுந்து போனப்புறம் உங்க எடத்தைப் பாக்குறாங்க, பெருமூச்சு விடுறாங்க. அது போய் விசைக்கடியில உக்காந்துக்குது. தூசி மாதிரி தெரியும். தூசி இல்ல."

கீபோர்டை மேஜையில் வைத்து, ஒரு கறுப்புத் துணியால் முழுக்க மூடினார். வெளிச்சம் பட்டால் அலை கலைந்துவிடுமாம். பிறகு ஒரு வெள்ளைத் துணியை எடுத்து உதறிக் காட்டினார். பளிச்சென்று இருந்தது. பெரியக்காவின் முகத்தை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். துணியை நாலாக மடித்து, தண்ணீரைப் பீய்ச்சி, கண்ணை மூடிக்கொண்டு, கறுப்புத் துணிக்கடியில் கையை விட்டுத் துடைத்தார். வெளியே எடுத்து விரித்தார்.

ஊதா நிறத்தில் மூன்று கறைகள். பூப்பூவாக விரிந்துகொண்டிருந்தன.

"மூணு பேர்" என்றார் அலையார், துக்கம் விசாரிக்கும் குரலில்.

பெரியக்காவுக்குக் கண் கலங்கியது. பயத்தால் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். உண்மை அவளுக்கு மட்டும்தான் தெரியும். நாற்பத்தாறு வயது, பிள்ளைகள் செலவுக்குக் கேட்க மட்டும் பேசுகிறார்கள், கணவர் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து "ம்" என்கிறார். இந்த நிலையிலும் தன்னைப் பார்த்துப் பெருமூச்சு விட மூன்று ஜீவன்கள் இருக்கின்றன! வாழ்க்கை முழுக்க வீணாகிவிடவில்லை.

"அதுல ஒண்ணு ரொம்பப் பக்கத்துல இருந்து வருது. இடது பக்கம்" என்று முடித்தார் அலையார். கையில் ஒரு சின்னப் புட்டியைத் திணித்தார். "தெளிநீர். தெனம் காலையில ஏழு சொட்டு, விசைகளுக்கு நடுவுல விடுங்க."

இடது பக்கம் உட்கார்ந்திருந்தவள் ஊசி. பேச்சு அப்படிக் குத்தும் என்பதால் வந்த பெயர். ஆறு வருடமாகப் பெரியக்காவின் தேநீரில் பாதி அவளுடையது. அவள் கொண்டுவரும் சாப்பாட்டில் பாதி பெரியக்காவுடையது.

அன்றைக்கு மத்தியானம் பெரியக்கா தன் தேநீரை முழுவதுமாகத் தானே குடித்தாள். குடிக்க முடியவில்லை, இருந்தாலும் குடித்தாள்.

"என்னக்கா, இன்னைக்கு எனக்கு இல்லையா?"

"சூடா இருந்துச்சு."

"சூடா இருந்தா ஆத்தித்தானே குடுப்பீங்க?"

பெரியக்கா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊசிக்குத் தன்மேல் என்ன பொறாமை இருக்க முடியும் என்று தேடிப் பார்த்தாள். அவளைவிட இவளுக்கு முடி அடர்த்தி. பல வருடம் முந்திச் சேர்ந்ததால் சன்னலோர இருக்கை. தேடினால் கிடைக்கத்தான் செய்கிறது. தேடுகிறவளுக்கு என்னதான் கிடைக்காது?

ஏழு சொட்டு, தினமும். முதல் வாரத்தில் பூஜ்யம் மட்டும் ஒட்டியது. இரண்டாவது வாரத்தில் ஐந்தும் எட்டும் சேர்ந்துகொண்டன. மூன்றாவது வாரத்தில் எறும்பு வந்தது. மேஜைக்காலில் ஏறி, கோப்புகளைச் சுற்றிக்கொண்டு, ஒழுங்கான வரிசையில் கீபோர்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. பெரியக்கா போன் செய்தாள்.

"எறும்பா? ரொம்ப நல்ல அறிகுறிம்மா" என்றார் அலையார். "அதுக்குத் தெரியுது, நமக்குத் தெரியல. உள்ளே இருக்கறதை வெளிய இழுக்குது."

"தப்பு ஜாஸ்தியாகுதுங்கய்யா."

"வெளிய வரும்போது ஜாஸ்தியாத்தான் வரும்."

குறைந்தால் குணம், கூடினால் இன்னும் குணம். இப்படிப்பட்ட வைத்தியத்தில் தோற்பதற்கு வழியே இல்லை. இதைக் கேட்டும் பெரியக்கா நிம்மதியாகப் போனை வைத்தாள் என்பதை அவள் பிற்பாடு நினைக்கும்போதெல்லாம் காது சூடாகும்.

மாதம் முடிய ஐந்து வேலை நாள் இருந்தபோது அவள் கணக்கில் தொண்ணூற்றொன்று. அன்று அலையாரின் இரண்டாவது வருகை. காலையிலேயே மேலாளர் மேஜைக்கு வந்தார்.

"அலையார் சொல்றாரும்மா, இடது பக்கத்து ஆளை மாத்தினாத்தான் உங்களுக்கு விமோசனம்னு. நீங்க ஒரு விண்ணப்பம் எழுதிக் குடுத்தீங்கன்னா அந்தப் பொண்ணைக் கீழ்த்தளத்துக்கு அனுப்பிடலாம். எப்படியும் அங்க ஒரு ஆள் வேணும்."

அவர் போனதும் பெரியக்கா வெள்ளைத் தாளை எடுத்தாள். தேதி போட்டாள். 'மதிப்பிற்குரிய ஐயா' என்று எழுதினாள். அதற்கு மேல் பேனா நகரவில்லை. மேஜை மேல் ஒரு நிழல் விழுந்தது.

"எழுதுங்கக்கா" என்றாள் ஊசி. "என் பேருக்கு முன்னாடி 'பொறாமைக்காரி'ன்னு போடுங்க. இல்லாட்டி அவருக்கு ஆள் தெரியாமப் போயிடும்."

பெரியக்கா தாளைக் கையால் மறைத்தாள். மறைத்த கையைப் பார்த்து அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"நான் ஒண்ணும் எழுதல."

"எழுதுவீங்க. அதுக்கு முன்னாடி ஒரே ஒரு வேலை பண்ணுங்க, எனக்காக. மேலாளர் ரூமுக்குப் புதுக் கீபோர்டு ஒண்ணு வந்திருக்கு, பாத்தீங்களா? நம்ம பதினோரு கடுதாசிக்கும் சேத்து அவருக்கு மட்டும் வந்தது. பெட்டி வரவேற்பறையில இருக்கு. சீல்கூடப் பிரிக்கல. அதை உங்க கையாலேயே பிரிச்சு, அந்தக் கறுப்புத் துணிக்கடியில வைங்க. யார் வெரலும் படாத கீபோர்டு. துணி வெள்ளையாவே வந்துச்சுன்னா அவர் சொல்றது நெஜம். நானே உங்க விண்ணப்பத்துல சாட்சிக் கையெழுத்துப் போடுறேன்."

"அது சாரோடதுடி!"

"ஆமா. அவருக்கு மட்டும் பொறாமை வராதா என்ன?"

பெரியக்கா எழுந்தாள். மூலையில் கடிகாரம் ஓடத் தொடங்கியது. வரவேற்பறையில் பெட்டியின் ஒட்டுநாடாவை நகத்தால் கிழித்தபோது அவள் மனதுக்குள் வேண்டிக்கொண்டாள். மேலாளர் கண்ணில் படக்கூடாது என்று வேண்டவில்லை. துணி வெள்ளையாகவே வர வேண்டுமே என்றுதான் வேண்டினாள். ஊசி கெட்டவள் என்று ஆனாலும் பரவாயில்லை, அந்த மூன்று பேர் தனக்கு இருக்க வேண்டும். இப்படியும் ஒரு மனதா என்றுதான் தோன்றும். அந்த நிமிடத்தில் அவளுக்கு இருந்தது அந்த மனதுதான்.

கூட்ட அறையில் கூட்டம் நெரிந்தது. அலையார் ஒருவருக்குத் துடைத்து முடித்து, வந்து நின்றவளைப் பார்த்தார். பெரியக்கா மேஜையிலிருந்த கறுப்புத் துணியைத் தானே எடுத்துப் போய், வெளியே வைத்திருந்த கீபோர்டை மூடி, மூட்டையாகக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். வெளிச்சம் படக்கூடாது என்று சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். அவர் எப்படித் திறந்து பார்ப்பார்?

"ஐயா, இது ரொம்ப அடி வாங்கினது" என்றாள் ஊசி, பணிவாக. "ஆறு பேர் கை மாறி வந்திருக்கு. அழுதுகிட்டே தட்டியிருக்காங்க."

அலையார் கண்ணை மூடினார். கையை உள்ளே விட்டார். பெருமூச்சு விட்டார். "அய்யய்யோ" என்றார். "தொடும்போதே சுடுது."

துணியை விரித்தார். ஊதாக் கறைகள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து.

"அஞ்சு பேர். அதுல ஒருத்தங்க உயிரோடவே இல்ல. நெனைப்பு மட்டும் தங்கிடுச்சு."

கூட்டத்தில் "ச்சு... ச்சு..." என்று சத்தம். ஊசி கறுப்புத் துணியை இழுத்தாள்.

கீபோர்டு மின்னியது. கம்பி இன்னும் முறுக்கிக் கட்டியபடியே இருந்தது. ஒரு ஓரத்தில் கிழிக்காத பாலித்தீன் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இது என்னோடதாச்சே!" என்றார் வாசலில் நின்ற மேலாளர். "இன்னைக்குக் காலையிலதானே வந்துச்சு!"

"ஆமா சார். தொழிற்சாலையில பெட்டி கட்டும்போதே அஞ்சு பேர் பொறாமைப்பட்டு அனுப்பியிருக்காங்க. ஒருத்தர் செத்தும் போயிட்டாராம், பாவம்."

அலையார் சிரிக்கப் பார்த்தார். "அலை தூரத்துல இருந்தும் வரும்மா..."

"வரட்டும். இப்ப கீபோர்டே இல்லாமப் பாக்கலாமா?" ஊசி அவர் பெட்டியிலிருந்து இன்னொரு வெள்ளைத் துணியை எடுத்து, பெட்டி ஓரத்திலிருந்த டப்பாவில் விரலைத் தொட்டுத் துணிக்குள் வைத்து மடித்தாள். எதன் மேலும் வைக்கவில்லை. காற்றில் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பீய்ச்சினாள். மடிப்பின் நடுவில் ஊதா நிறம் பூத்தது. ஒன்று, பிறகு இன்னொன்று. "புண் கழுவுற ஊதாப் பொடி. உப்புக்கல் அளவு மடிப்புல வெச்சா போதும், தண்ணி பட்டதும் விரியும். எத்தனை கல்லோ அத்தனை பேர்."

பெரியக்கா தன் கைக்குட்டையை எடுத்தாள். அவருடைய அதே தண்ணீரில் நனைத்தாள். வெளியே போய், தன் பழைய கீபோர்டின் மேல் ஒரு இழுப்பு இழுத்துக்கொண்டு வந்து விரித்தாள். ஊதா இல்லை. கறுப்பு. கொழகொழவென்று, பிஸ்கட் நிறத்தில் திட்டுத் திட்டாக, நடுவில் இரண்டு எறும்பு.

எத்தனை கல்லோ அத்தனை பேர். அப்படியென்றால் தனக்கு மூன்று வைத்தவர் யார்? இவர்தான். முகத்தைப் பார்த்தாரே ஒரு நிமிடம்! எத்தனை வேண்டும் என்று அவள் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. தையற்காரர் அளவெடுப்பது போல அளவெடுத்துக் கச்சிதமாகத் தைத்துக் கொடுத்திருக்கிறார்.

"நம்பிக்கை இல்லாத எடத்துல அலை நிக்காது" என்று சொல்லிக்கொண்டே அலையார் பெட்டியை மூடினார். அவர் கிளம்பிய வேகத்தில் கறுப்புத் துணியை விட்டுவிட்டுப் போனார். வரவேற்பறைப் பெண் பின்னாலேயே ஓடி, "அப்போ என்னோட நாலும் பொய்யா?" என்று கேட்டாள். ஏமாந்ததில் அவளுக்கு வருத்தமில்லை. நாலு பேரைப் பறிகொடுத்ததில்தான் வருத்தம். தபால் பிரிவுக்காரர் மட்டும் உற்சாகமாக இருந்தார். எல்லோருக்கும் பூஜ்யம் என்றால் அவரும் மற்றவர்களும் சமம்தானே?

பெரியக்கா தன் இடத்துக்கு வந்து, 'மதிப்பிற்குரிய ஐயா'வைக் கிழித்துப் போட்டாள். கீபோர்டின் கம்பியைப் பிடுங்கினாள். ஊசி ஒரு பழைய பெயின்ட் பிரஷ்ஷோடு வந்தாள்.

"மொதல்ல ஒரு போட்டோ எடுத்துக்கங்கக்கா. அப்புறம் எது எங்க இருந்துச்சுன்னு தெரியாம, அதுக்கும் ஒரு சாமியாரைத் தேடணும்."

போட்டோ எடுத்தார்கள். செய்தித்தாளை விரித்து, கீபோர்டைக் கவிழ்த்து, முதுகில் தட்டினார்கள். விழுந்தது பாருங்கள்: பிஸ்கட் தூள் ஒரு கைப்பிடி, மூன்று ஸ்டேப்ளர் பின், நீளமான முடிகள், பாதிச் சட்டைப் பொத்தான், செத்த எறும்பு ஏராளம். கடைசியாக டிங்கென்று ஒரு திருகாணி. அவளுடைய கம்மலின் திருகாணி. இரண்டு வருடத்துக்கு முன் காணாமல் போனது. அன்றைக்கு வீட்டுக்கு வந்திருந்த நாத்தனார்தான் எடுத்திருப்பாள் என்று முடிவுகட்டி, இன்றுவரை அவளிடம் அரைச் சிரிப்புக்கு மேல் சிரித்ததில்லை.

"உங்க நாத்தனாருக்கு இன்னைக்கே போன் போட்டுடுங்க" என்றாள் ஊசி.

"என்னன்னு சொல்லுவேன்?"

"கீபோர்டு கழுவினேன், உங்க ஞாபகம் வந்துச்சுன்னு."

தேக்கரண்டியின் காம்பைக் கொடுத்து விசைகளை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்து, சோப்புத் தண்ணீரில் போட்டார்கள். பூஜ்யத்துக்கு அடியில் கெட்டிப்பட்ட பாகு. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார்கள். அடிப்பலகையில் ஒரு சொட்டுத் தண்ணீர் படவிடவில்லை. திரையின் மூலையில் கடிகாரம் சிவந்தது. பத்தொன்பது வருடத்தில் முதல் முறை. அது சிவந்து கிடக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

"தெளிநீரை நாக்குல வெச்சுப் பாத்தீங்களாக்கா? வெறும் சர்க்கரைத் தண்ணி. ஒட்டினாத்தானே நீங்க மறுபடி வருவீங்க."

பெரியக்கா விசைகளைத் துண்டில் பரப்பினாள். பூஜ்யத்தைக் கடைசியாக வைத்துவிட்டு, "எனக்கு மூணு பேர் வேணும்னு இருந்துச்சுடி" என்றாள்.

ஊசி குத்தவில்லை. "எனக்கு உங்க முடிமேல பொறாமைதான்க்கா. ஒண்ணு கணக்குல வெச்சுக்கங்க" என்றாள். அன்றைக்குத் தேநீர் பாதியாகப் பிரிந்தது.

இரவெல்லாம் காய்ந்த விசைகளைக் காலையில் போட்டோவைப் பார்த்துப் பொருத்தினாள். மூன்று நாளில் மூன்று தவறுதான் விழுந்தது. கணக்கு தொண்ணூற்று நான்கு. இன்னும் இரண்டு நாள். இதே மாதிரி போனால் மேலேயே இருக்கலாம். கை ஒரு நாள் தடுமாறினால் கீழ்த்தளம்தான்.

அந்த மூன்றாம் நாள் மத்தியானம் தலை நிமிர்ந்தவள் திடுக்கிட்டாள். அவள் இருக்கைக்குப் பின்னால் ஒரு வரிசை. ஒவ்வொருவர் மார்பிலும் ஒரு கீபோர்டு.

"அக்கா, என்னோடதையும் நீங்களே தொட்டுக் குடுத்துடுங்க" என்றாள் வரவேற்பறைப் பெண். "உங்க கை ராசியான கையாம்."

"யார் சொன்னா?"

"எல்லாரும் சொல்றாங்க. நீங்க தொட்டதும் தப்பு கொறைஞ்சிடுச்சாமே!"

வரிசையை ஒதுக்கிக்கொண்டு மேலாளர் வந்தார். அவர் கையில் கறுப்புத் துணி, நன்றாக மடித்துத் தேய்த்திருந்தது.

"வாராவாரம் திங்கக்கெழமை நீங்களே இதைச் செய்யலாம்மா" என்றார் குரலைத் தாழ்த்தி. "துணியும் இருக்கட்டும், சனங்களுக்கு ஒரு திருப்தி. இந்த மாசப் பட்டியல்ல உங்க பேரையே எடுத்துடறேன்."

ஒரு கணம், பொய் சொல்லக்கூடாது, ஒரு முழுக் கணம் அவளுக்கு இனித்தது. ராசியான கை! பொறாமை மூன்று போனால் என்ன, பக்தர்கள் பதினேழு பேர் வந்திருக்கிறார்கள். முகத்தில் என்ன எழுதியிருக்கிறதோ என்று பயந்து கையால் கன்னத்தைத் தடவிக்கொண்டாள்.

"வேண்டாம் சார்" என்றாள். "பேர் இருக்கட்டும். பக்கத்துல காரணத்தை மட்டும் எழுதிடுங்க. பிஸ்கட்டுன்னு. அந்த பிஸ்கட்டை ஏன் சீட்டுலயே திங்குறோம்னும் ஒரு வரி."

மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார், துணியைப் பார்த்தார், அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார்.

பெரியக்கா பிரஷ்ஷை எடுத்து மேஜையின் ஓரத்தில், எல்லோருக்கும் எட்டுகிற இடத்தில் வைத்தாள். "இதுதான் துடைச்சது. எடுத்துக்கங்க. கம்பியைப் பிடுங்கணும், கவுக்கணும், தட்டணும். அவ்வளவுதான். என் கை வராது."

வரிசை கலையவில்லை. முதலில் நின்ற தபால் பிரிவுக்காரர் பிரஷ்ஷை இரண்டு கையாலும் பயபக்தியோடு வாங்கிக்கொண்டார். கொஞ்சம் தயங்கினார்.

"இதை எந்தக் கெழமையில ஆரம்பிச்சா நல்லதுக்கா?"

பெரியக்கா அடுத்த விண்ணப்பத்தை எடுத்து வைத்துக்கொண்டாள். வயது நாற்பது. பூஜ்யம் ஒன்றே ஒன்றாக, சரியாக விழுந்தது.

"அதை மட்டும் நான் சொல்ல மாட்டேன்" என்றாள், திரும்பாமலே. "நீங்களே யோசிங்க."